மாட்டுக்குச் சோறு போடாதீர்கள்

தை பிறந்தால் எங்கள் வேலை கூடிவிடும். ஜல்லிக்கட்டுக் காளைகளால் என்று நினைக்க வேண்டாம். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களில் காளைகளைப் பரிசோதிக்கவும் காயத்துக்கு மருந்து போடவும் தனிக் குழுக்கள் இருக்கின்றன. எங்களை ஊர் ஊராக அலையவிடுவது மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலையில் வரும் அழைப்புகள். "டாக்டரய்யா, மாடு படுத்துக்கிடக்கிறது, எழுந்திருக்க மாட்டேன் என்கிறது." தை போனால் முகூர்த்த நாட்கள், அப்புறம் கோயில் அன்னதானம், காதுகுத்து, கறிவிருந்து. எங்கே அண்டாவில் சோறு மிஞ்சுகிறதோ, அங்கே மறுநாள் ஒரு மாடோ இரண்டு ஆடோ சாகக் கிடக்கின்றன.

போன வாரம் மேலூர்ப் பக்கம் ஒரு கலப்பின ஜெர்சி, ஏழு மாதச் சினை. வீட்டு விசேஷத்தில் மிஞ்சிய சோற்றை இரவில் தொட்டியில் கொட்டியிருக்கிறார்கள். காலையில் தள்ளாடியது, மாலைக்குள் செத்துவிட்டது. நான் போனபோது பக்கத்துக் காட்டுக்காரர்தான் விஷம் வைத்தார் என்று பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. காவல் நிலையத்துக்குக் கிளம்ப இருந்தவர்களை நிறுத்திவைத்துப் பிரேதப் பரிசோதனை செய்தேன். பெருவயிற்றைத் திறந்ததும் சாம்பல் நிறத்தில் பால் போன்ற தண்ணீர், மூக்கைத் துளைக்கும் புளிப்பு நாற்றம், அடியில் படிந்து கிடந்த சோறு. அமிலத்தன்மை பார்க்கும் தாளை நனைத்துக் காட்டினேன். நல்ல மாட்டில் இளம்பச்சையோடு நிற்க வேண்டிய தாள் ஆரஞ்சு நிறத்துக்குப் போனது. விஷத்தை வெளியாள் யாரும் வைக்கவில்லை. அன்போடு கொட்டிய சோறே அதைக் கொன்றது.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "சோறுதானே, மனிதன் தின்பதை மாடு தின்றால் என்ன?" என்று கேட்கிறார்கள். சந்தையில் பல் பார்த்து மாடு பிடிக்கிறவர்களுக்கு மாட்டின் மேல்தாடையில் முன்பல்லே கிடையாது என்பது தெரியும். அந்த மாட்டின் வயிற்றைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆச்சரியம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

மாடு தான் தின்கிற வைக்கோலைத் தானே செரிப்பதில்லை. அதற்கு வேண்டிய சுரப்பு அதன் உடம்பில் இல்லை. நான்கு அறைகள் கொண்ட வயிற்றின் முதல் அறையான பெருவயிறு, வளர்ந்த கறவையில் நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும். அதிலுள்ள நீரில் ஒரு மில்லிலிட்டருக்குள் சுமார் ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நீங்கள் தீனி போடுவது அவற்றுக்குத்தான். அவை வைக்கோலைப் பிரித்து வெளிவிடும் கொழுப்பு அமிலங்களை மாடு உறிஞ்சிக்கொள்கிறது; பிறகு அடுத்த அறைகளுக்கு அடித்துச் செல்லப்படும் பாக்டீரியாக்களையே செரித்துப் புரதம் எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு இனிப்பான பாலைத் தரும் பசு, தீனியிலிருந்து நேரடியாகப் பெறும் சர்க்கரை மிகமிகக் குறைவு. தனக்கு வேண்டிய சர்க்கரையில் பெரும்பங்கைத் தன் ஈரலிலேயே தயாரித்துக்கொள்கிறது.

இந்த ஏற்பாட்டில் வெந்த சோறு போய் விழுந்தால் என்ன ஆகும்? வைக்கோலைப் பிரிக்கிறவை மெதுவாக வேலை செய்பவை. மாவுச்சத்தைத் தின்கிறவை வேறு வகை, அவை வெகுவேகமாகப் பெருகும். கோடைக்கால இரவில் இட்லி மாவு பொங்கி வழிவதைப் பார்த்திருப்பீர்கள். மாட்டின் உடம்புச் சூடு மதுரை வெயிலுக்குக் குறைந்ததல்ல. சில மணி நேரத்தில் லாக்டிக் அமிலம் தேங்கி, வைக்கோலைப் பிரிக்கும் பாக்டீரியாக்கள் செத்துவிடும். பெருவயிறு அசைவதை நிறுத்திவிடும். அமிலம் மிகுந்த அந்த வயிறு ரத்தத்திலிருந்து தண்ணீரைத் தனக்குள் இழுக்கும். வயிற்றில் குலுங்கக் குலுங்கத் தண்ணீர் இருக்கும்போதே மாட்டின் கண் குழிவிழும், தோல் வறளும், ரத்தம் கெட்டிப்படும். வெளியில் பார்க்கிறவர்களுக்கு வயிறு நிறைந்த மாடு; உள்ளே அது வறண்டு செத்துக்கொண்டிருக்கும்.

எனக்கு அதிகம் கோபம் வருவது ஒரு பேச்சைக் கேட்டுத்தான். "வாயில்லா ஜீவனுக்கு எது சேரும், எது சேராது என்று அதற்கே தெரியும். வேண்டாததை அது தொடாது." படித்தவர்களும் சொல்கிறார்கள், பரம்பரையாக மாடு வைத்திருப்பவர்களும் சொல்கிறார்கள். தெரியாது. உறுதியாகச் சொல்கிறேன், அதற்குத் தெரியாது. மாட்டுக்கு இனிப்பும் மாவும் பிடிக்கும். பிடித்ததைக் கிடைக்கிற வரைக்கும் தின்னும். கட்டை அவிழ்த்துக்கொண்டு போய் ரேஷன் அரிசி மூட்டையில் வாய் வைத்த மாடு பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வாய்க்குள் போன பொருளைப் பிரித்துத் துப்பவும் அதற்கு வராது. நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் உள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. அதனால்தான் சோற்றோடு பாலிதீன் பையும், சில நேரம் கம்பியும் ஆணியும் உள்ளே போகின்றன. கம்பி இரண்டாவது அறையான வலைப்பையில் தங்கும். அதற்கு முன்னால் ஒரு சவ்வு தாண்டினால் இதயம். அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இதற்கு அடுத்த வாதம்: "எதிர்வீட்டு மாடு தினமும் அரிசிக் கஞ்சி குடிக்கிறது, நன்றாகத்தானே இருக்கிறது?" தினமும் கொஞ்சம் கஞ்சி குடிக்கும் மாட்டின் பெருவயிற்றில், அந்த அமிலத்தைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்களும் சேர்ந்து வளர்ந்திருக்கும். அப்படி வளர இரண்டு மூன்று வாரம் வேண்டும். உங்கள் மாட்டுக்கு ஆண்டு முழுவதும் வைக்கோலும் புல்லும் போட்டுவிட்டு, பண்டிகையன்று ஒரு வாளிச் சோற்றை வைத்தால் அதைச் சமாளிக்க உள்ளே ஆள் இல்லை. அந்த எதிர்வீட்டு மாடும் நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னது? பால் சொசைட்டியில் கொழுப்பு ஏன் குறைகிறது, மாடு ஏன் நொண்டுகிறது, குளம்பு ஏன் வளைந்து வளர்கிறது என்று அந்த வீட்டில் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

"முன்பு கிடை மாடுகளுக்கு இதெல்லாம் வந்ததா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. புளிக்குளம் மாடுகள் மந்தையாக மேய்ந்து, இரவில் வயலில் அடைந்து கிடந்தவை. அவற்றின் தீனி புல்லும் நெல் தாளும். அசைபோடுவதிலேயே நாளில் ஏழெட்டு மணி நேரம் கழியும். அப்படி மெல்லும்போதுதான் எச்சில் ஊறும். பெரிய மாடு ஒரு நாளில் நூறு லிட்டருக்கும் மேல் எச்சில் விழுங்குகிறது. அந்த எச்சிலில் உள்ள சோடா உப்புத்தான் வயிற்று அமிலத்தை அடக்கிவைக்கிறது. சோற்றை மெல்ல வேண்டியதில்லை, எச்சிலும் ஊறுவதில்லை. வைக்கோலை வெறும் வயிற்றை ரொப்பும் பொருளாக நினைக்கிறவர்கள் இந்த ஒன்றை மறக்க வேண்டாம்.

உங்கள் மாடு நலமாக இருக்கிறதா என்று பார்க்க என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. இடது பக்கம், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் கையை மடக்கி அழுத்திவைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். நல்ல மாட்டில் இரண்டு மூன்று முறையாவது உள்ளிருந்து ஏதோ உருண்டுவந்து கையைத் தள்ளும். தள்ளவில்லை, அசைபோடவில்லை, பல்லை நறநறவென்று கடிக்கிறது, வயிற்றை உதைக்கிறது, சாணி தண்ணீராகப் புளித்த வாடையோடு போகிறது என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

சோறு தின்றது தெரிந்தாலே கூப்பிடுங்கள், அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். அறிகுறி வெளியே வரப் பாதி நாள், சில மாடுகளில் ஒரு நாள்கூட ஆகலாம். முதல் சில மணி நேரத்தில் வந்தால் குழாய் விட்டு வயிற்றைக் கழுவவும், அமிலத்தை முறிக்க மருந்து கொடுக்கவும் முடியும். தாமதமானால் இடது விலாவுக்குப் பின்னால் அறுத்து, தோள்பட்டை வரை கையை விட்டுச் சோற்றை அள்ளி வெளியே போட வேண்டும். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, மாட்டை நிற்கவைத்தபடியே செய்கிற அறுவை சிகிச்சை அது. பிறகு ஆரோக்கியமான இன்னொரு மாட்டின் பெருவயிற்று நீரை வடிகட்டி எடுத்து இதற்குக் கொடுப்போம், செத்துப்போன பாக்டீரியாக்களுக்குப் பதிலாக. இவ்வளவும் செய்து பிழைக்காத மாடுகளும் உண்டு.

நாங்கள் வரும்வரை மிச்சச் சோற்றை அகற்றிவிட்டுக் காய்ந்த வைக்கோலைப் போடுங்கள். தொட்டி நிறையத் தண்ணீர் காட்ட வேண்டாம். நிற்க முடிந்தால் மெதுவாக நடத்துங்கள். கை கூப்பிக் கேட்கிறேன், நாக்கை இழுத்துப் பிடித்து, தலையைத் தூக்கி, எண்ணெயையும் கஷாயத்தையும் வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். சோற்றுக்குத் தப்பிய மாட்டை எண்ணெய் கொன்றதைப் பார்த்திருக்கிறேன்.

மாட்டுப் பொங்கலன்று இலையில் ஒரு கைப்பிடி பொங்கல் போதும். சாமிக்கும் போதும், மாட்டுக்கும் போதும். வயிறு நிறையப் போட ஆசைப்பட்டால் புல்லும் அகத்திக்கீரையும் கரும்புத் தோகையும் இருக்கின்றன. அரிசி மூட்டையையும் மாவுப் பாத்திரத்தையும் கதவுக்கு உள்ளே வையுங்கள். புதுத் தீனி எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஆடு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், இருபது கிலோ வெள்ளாட்டைச் சாய்க்க ஒரு கிலோ அரிசி போதும். மண்டபம் நடத்துகிறவர்களே, மிஞ்சியது நல்ல நிலையில் இருந்தால் மனிதர்களுக்குக் கொடுங்கள். கெட்டுவிட்டால் குழி வெட்டி உரமாக்குங்கள். பையில் கட்டிச் சுவரோரம் வைக்காதீர்கள், கோமாதாவின் பெயரால் தெருவில் கொட்டாதீர்கள்.

அவசரத்துக்கு 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். பக்கத்தில் அரசு கால்நடை மருந்தகம் இருந்தால் அங்கேயும் சொல்லிவிடுங்கள். போனில் பேசும்போதே மாடு எதைத் தின்றது, எத்தனை மணிக்கு, எத்தனை படி என்பதைச் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து "புல்தான் தின்றது" என்று மறைத்தால் நாங்கள் வேறு நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டு வந்து நிற்போம்.