அரை மீட்டர் குழி

சிட்னிக்கு மேற்கே ஓர் ஓடைக்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு வருடத்தில் அந்த வழியாக நெடுஞ்சாலை வரப்போகிறது. இப்போதைக்கு வெறும் புல்வெளி. அதில் நூல் பிடித்து, ஐம்பதுக்கு ஐம்பது சென்டிமீட்டர் அளவில் சின்னச் சின்னச் சதுரங்கள் குறித்திருக்கிறார்கள். பொக்லைன் எதுவும் இல்லை. மண்வெட்டி, கரணை, வாளி, சல்லடை, அவ்வளவுதான்.

முதல் குழியில் 5 சென்டிமீட்டர் கனத்துக்கு மட்டும் மண்ணை வழித்து வாளியில் போடுகிறார்கள். கூடவே குழி எண்ணும் ஆழமும் எழுதிய சீட்டு. அந்த மண் 5 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடைக்குப் போகிறது. களிமண்ணாக இருந்தால் லேசில் சலிக்காது, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைக்க வேண்டும். கடைசியில் மிஞ்சுவது வேர், சரளை, உடைந்த கண்ணாடி, பழைய வேலிக் கம்பி. இவற்றுக்கு நடுவே விரல் நகம் அளவுக்குச் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கல் சில்லு. சல்லடைக்கு இந்தப் பக்கம் ஒரு தொல்லியலாளர், அந்தப் பக்கம் அந்த மண்ணுக்குரிய ஆதிக்குடியைச் சேர்ந்த ஒருவர். இருவரும் குனிந்து பார்க்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் சாலை, ரயில், அணை, குழாய் என்று எது கட்டினாலும் ஆதிக்குடிகளின் பாரம்பரியத்தைக் காக்கும் ஏற்பாட்டின் ஆரம்பம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அங்கே பானை ஓடோ செங்கல் சுவரோ தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பல்லாயிரம் வருட வாழ்க்கை கல் சில்லாக, கரித் துண்டாக, சிப்பிக் குவியலாக, மரத்தில் ஒரு வடுவாகத்தான் நிலத்தில் இருக்கிறது. பழகாத கண்ணுக்கு அது வெறும் கல், வெறும் மரம். அதனால்தான் இத்தனை எளிதாக அழிகிறது.

சரி, அந்தச் சில்லு தானாக உடைந்தது இல்லை என்று எப்படிச் சொல்கிறார்கள்? ஒரு கல்லின் விளிம்பில் இன்னொரு கல்லால் ஓங்கித் தட்டினால், அடி விழுந்த புள்ளியிலிருந்து விசை கூம்பு போல விரிந்து உள்ளே பாயும். பெயர்ந்து வரும் சில்லின் உட்பக்கத்தில், அடிபட்ட இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னப் புடைப்பு விழும். அதிலிருந்து, குளத்தில் கல் எறிந்தாற்போல, மெல்லிய அலைக்கோடுகள் விரியும். கட்டைவிரலால் தடவினாலே புடைப்பு தட்டுப்படும். அடி வாங்கிய தட்டையான விளிம்பு, புடைப்பு, அலைக்கோடு எல்லாம் ஒரே கல்லில் சேர்ந்து இருந்தால் அது அநேகமாக மனிதக் கை பட்டதுதான். கல்லின் வகையும் பேசும். சிட்னிப் பகுதியின் அடிப்பாறை பெரும்பாலும் மணற்கல்லும் களிப்பாறையும். அவற்றில் கூரான சில்லு எடுக்க முடியாது. சில்க்ரீட் என்ற கெட்டியான கல்லைத் தேடிக் கொண்டுவந்து, நெருப்பின் சூட்டில் பக்குவப்படுத்தினால் சிவந்து, பளபளப்பேறி, கூராகப் பெயரும். அந்த வித்தை அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. சல்லடையில் கிடைத்த சில்லின் செம்மை அந்தச் சூட்டின் தடயமாக இருக்கலாம்.

வயதைச் சொல்வது தனி வேலை. பக்கத்திலேயே கரி கிடைத்தால் ரேடியோ கார்பன் முறை உதவும், ஆனால் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் அது கைவிட்டுவிடும். கரியே இல்லாத மணலுக்கு வேறொரு வழி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். மணலில் உள்ள குவார்ட்ஸ் துகள்கள் புதைந்து கிடக்கும்போது, சுற்றியுள்ள மண்ணின் யுரேனியம், தோரியம், பொட்டாசியத்திலிருந்து வரும் மெல்லிய கதிர்வீச்சைச் சிறுகச் சிறுகச் சேமித்துக்கொண்டே வரும். வெயில் பட்டால் சேமிப்பு முழுக்கக் கரைந்துவிடும். அதாவது அந்தத் துகள் கடைசியாக எப்போது சூரியனைப் பார்த்தது என்ற கணக்கு அதற்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. குழியின் பக்கச் சுவரில் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, ஒளி புகாமல் இரு முனையும் மூடி எடுத்துப் போகிறார்கள். ஆய்வகத்தில் மங்கலான சிவப்பு விளக்கில்தான் திறப்பார்கள். பிறகு துகளின் மேல் ஒளியைப் பாய்ச்ச, சேமித்த ஆற்றல் சின்ன மினுக்கமாக வெளிவரும். அந்த மினுக்கத்தை அளந்து, மண்ணின் கதிர்வீச்சு அளவோடு கணக்குப் போட்டால் வயது கிடைக்கும். பொக்லைன் ஒருமுறை புரட்டிப் போட்ட மண்ணில் இந்தக் கணக்கு ஒன்றுக்கும் ஆகாது. துகள்கள் வெயிலைப் பார்த்துவிடும், அடுக்கும் கலைந்துவிடும்.

எல்லா இடத்திலும் குழி தோண்ட முடியாது. நியூ சவுத் வேல்ஸ் மாநில வழிகாட்டி, நீர்நிலையிலிருந்து 200 மீட்டருக்குள் உள்ள நிலம், மணல் திட்டு, மலை முகடு, பாறைச் சரிவின் மேலும் கீழும் 200 மீட்டர், குகையிலிருந்து 20 மீட்டர் ஆகியவற்றைக் கூடுதல் கவனம் வேண்டிய இடங்களாகச் சொல்கிறது. தண்ணீரும் நிழலும் தூரத்துப் பார்வையும் உள்ள இடத்தில் மனிதர்கள் தங்குவார்கள் என்ற எளிய நியாயம்தான். தரைக்கடியில் பார்க்கும் ராடார் கருவியும் உண்டு. குழி வெட்டி மூடிய தடத்தை அது காட்டும், நகத்தளவு சில்லைக் காட்டாது. அதற்கு இன்றும் சல்லடைதான்.

நிலத்துக்கு மேலே தெரிவதும் நிறைய. மணற்பாறையில் ஓடையோரமாக நீள்வாட்டத்தில் வழவழவென்று பள்ளங்கள் இருந்தால், கற்கோடாரியைத் தண்ணீர் தெளித்துத் தீட்டிய இடம் அது. பட்டையை உரித்துப் படகோ கேடயமோ செய்த மரத்தில் நீள்வட்ட வடு இருக்கும். மரம் உயிரோடு இருப்பதால் வருடாவருடம் ஓரத்திலிருந்து புதுப் பட்டை உதடு போல மடிந்து வடுவை மூடிக்கொண்டே வரும். தீயால் வந்த வடு அநேகமாகத் தரையில் தொடங்கி மேலே குறுகும். மனிதர் உரித்த வடு பெரும்பாலும் தரைக்கு மேலே தொடங்கி மேலேயே முடிந்துவிடும்.

இதுவரை சொன்னது பொருளைப் பற்றி. ஆனால் பொருளே இல்லாத இடமும் புனிதமாக இருக்கும். முன்னோர் நடந்த வழி, பாடலில் வரும் குன்று, பெண்கள் மட்டும் போகும் நீர்நிலை. ஆதிக்குடிகள் ‘கன்ட்ரி’ என்று சொல்லும்போது தேசத்தைச் சொல்வதில்லை. நிலம், நீர், உயிர்கள், முன்னோர், அவர்கள் மீதுள்ள கடமை எல்லாம் சேர்ந்த ஒன்று அது. நாம் ‘எங்க மண்ணு’ என்று சொல்லும்போது வரும் பொருளுக்குக் கொஞ்சம் கிட்டே வரும். இதைச் சல்லடை கண்டுபிடிக்காது. மூத்தவர்களோடு நிலத்தில் நடந்து, கேட்டு, அவர்கள் சொல்ல விரும்பியதை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும்.

சொல்ல விரும்பாததும் இருக்கிறது, அங்கேதான் சட்டம் தடுமாறுகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் மர்ரே நதி முகத்தின் அருகே ஹின்ட்மார்ஷ் தீவுக்குப் பாலம் கட்ட முனைந்தபோது, இது பெண்களுக்கு மட்டும் உரிய ரகசிய அறிவு சார்ந்த இடம் என்று அந்த நிலத்துக்குரிய ஙாரின்ஜெரி குடிப் பெண்கள் சிலர் எதிர்த்தார்கள். 1994இல் மத்திய அமைச்சர் 25 ஆண்டுத் தடை போட்டார். பெண்கள் மட்டும் படிக்க வேண்டும் என்று குறித்து உறையிலிட்ட தாள்கள் தவறுதலாக ஓர் எதிர்க்கட்சி அரசியல்வாதியின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1995இல் ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணைக் குழு, அந்தப் பெண்களின் கூற்று புனைவு என்று முடிவு சொன்னது. 2001 மார்ச்சில் பாலம் திறந்தாயிற்று. அதே வருடம் ஆகஸ்டில் ஃபெடரல் நீதிமன்ற நீதிபதி, அது புனைவு என்று தன்னால் ஏற்க முடியவில்லை என்று தீர்ப்பெழுதினார். பாலம் அங்கேயே நிற்கிறது. ரகசியம் என்று சொன்னால் ஆதாரம் எங்கே என்கிறார்கள், ஆதாரம் காட்டினால் ரகசியம் போய்விடுகிறது. இன்று பதிவேடுகளில் இத்தகைய இடங்களைக் ‘கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது’ என்று மட்டும் குறித்து, விவரத்தை உரியவர் தவிர யாருக்கும் காட்டாமல் வைக்கும் ஏற்பாடு இருக்கிறது.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விக்டோரியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாரம்பரியம் இருக்கக்கூடிய நிலத்தில் பெரிய வேலை என்றால் முதலில் ஒரு மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டும். அந்த நிலத்துக்கென்று பதிவு பெற்ற ஆதிக்குடி அமைப்பு இருந்தால், அதை ஏற்பதும் மறுப்பதும் அந்த அமைப்பின் கையில். நியூ சவுத் வேல்ஸில் இதற்கென்று தனிச் சட்டமே கிடையாது. 1974ஆம் ஆண்டின் தேசியப் பூங்கா, வனவிலங்குச் சட்டத்துக்குள் வைத்திருக்கிறார்கள். மனிதர்களின் பாரம்பரியம் வனவிலங்கோடு சேர்ந்து கிடப்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அங்கே ஆதிக்குடிகளைக் கேட்க வேண்டும், ஆய்வு முறையைப் படித்துக் கருத்துச் சொல்ல 28 நாள் தர வேண்டும், ஆனால் முடிவெடுப்பது அரசு. அது தருவது சேதம் விளைவிக்க அனுமதி. மாநிலமே முக்கியம் என்று அறிவித்த மாபெரும் திட்டங்களுக்கு அந்த அனுமதிகூடத் தேவையில்லை. திட்டத்துக்கு ஒப்புதல் தரும்போதே நிபந்தனைகளைச் சேர்த்துவிடுவார்கள்.

சிட்னியின் ராண்ட்விக் ட்ராம் பாதையில் இது எப்படிப் போனது என்று பாருங்கள். பெட்டிகளை நிறுத்தும் யார்டுக்காக நிலத்தைத் தயார் செய்தபோது, 2016இல் 20,000க்கும் மேற்பட்ட கற்கருவிகளும் சில்லுகளும் வெளிவந்தன. சில கற்கள் ஹண்டர் பள்ளத்தாக்கு போன்ற தொலைவான இடத்திலிருந்து வந்திருக்கலாம் என்று அப்போதே பேச்சு எழுந்தது. வேலையை நிறுத்துங்கள் என்று ஆதிக்குடி அமைப்புகள் கேட்டன. மத்திய அமைச்சர் அவசரப் பாதுகாப்பு தர மறுத்தார். கற்களைச் சேகரித்தார்கள், வேலை தொடர்ந்தது, 2019 டிசம்பரில் ட்ராம் ஓடத் தொடங்கியது. அத்தனை ஆயிரம் கற்கள் கண்ணில் படும்போது பாதைக்குக் கோடு போட்டு, ஒப்பந்தம் கையெழுத்தாகி, அபராதக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தால் யார் நிறுத்துவார்கள்?

இதன் கொடூரமான உதாரணம் சாலையிலோ ரயிலிலோ நடக்கவில்லை, சுரங்கத்தில் நடந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் ஜூக்கன் பள்ளத்தாக்கு. அங்கே இருந்த பாறைக் குகைகளில் 46,000 ஆண்டுகளாக மனிதர் வந்து போன தடயம் இருந்தது. அந்த மாநிலத்தின் 1972ஆம் ஆண்டுப் பாரம்பரியச் சட்டத்தின் 18ஆம் பிரிவின் கீழ் அவற்றைச் சேதப்படுத்த 2013இல் ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்தது. முழுமையான அகழாய்வு நடந்தது 2014இல். ஏறத்தாழ 7,000 பொருட்கள், 28,000 ஆண்டுகளுக்கு முந்தைய, கங்காரு எலும்பைக் கூராக்கிய ஒரு கருவி, அப்புறம் மனித முடியால் பின்னிய ஒரு துண்டு. சுமார் 4,000 வருடம் பழையது அது. பல பேருடைய முடியைச் சேர்த்துப் பின்னியிருந்தார்கள். அதன் மரபணு, இன்று அந்த நிலத்துக்கு உரியவர்களான புட்டு குன்டி குர்ராமா, பினிகுரா மக்களோடு ஒத்துப்போனது. ஒரு கொள்ளுப்பாட்டியின் பின்னலைக் கையில் ஏந்தியது போலத்தான் இருந்திருக்கும் அவர்களுக்கு.

2020 மே 24 அன்று குகைகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. சுரங்கத்தை விரிக்க நான்கு வழிகள் இருந்தன, அவற்றில் மூன்று குகைகளைத் தொடாதவை என்பது பிறகு நாடாளுமன்ற விசாரணையில் தெரிந்தது. நான்காவதைத் தேர்ந்ததற்குக் காரணம் 80 லட்சம் டன் கூடுதல் இரும்புத் தாது. மற்ற மூன்று வழிகள் இருந்ததே அந்த மக்களுக்குச் சொல்லப்படவில்லை. சட்டப்படி எல்லாம் சரியாகவே நடந்திருந்தது. அனுமதி முன்னால் வந்தது, அறிவு பின்னால் வந்தது, பின்னால் வந்த அறிவை வைத்து முன்னால் தந்த அனுமதியைத் திரும்பப் பார்க்கும் வழி அந்தச் சட்டத்தில் இல்லை. நிறுவனத்தின் மூன்று உயர் அதிகாரிகள் பதவியிழந்தார்கள். மாநிலம் கொண்டுவந்த புதிய சட்டம் 2023 ஜூலை 1 அன்று அமலாகி, ஆகஸ்டிலேயே அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். பழைய சட்டம் திருத்தங்களோடு திரும்பியது. அனுமதி பெற்ற பின் புதிதாக ஏதாவது தெரியவந்தால் அமைச்சருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

முன்கூட்டியே தெரிந்துவிட்டால் செய்யக்கூடியது எத்தனையோ இருக்கிறது, எதுவும் பெரிய வித்தை இல்லை. பாலத் தூணைச் சில மீட்டர் தள்ளலாம். குழாய்க்குப் பள்ளம் வெட்டாமல் அடியில் துளைத்துக் கொண்டுபோகலாம். நிலத்தின் மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, மண் போட்டு மூடி, அதற்கு மேலே பாதை போடலாம். சேதம் செய்வது நிரந்தரச் சாலை மட்டுமே என்று நினைத்துவிட வேண்டாம். ஜல்லி கொட்ட ஒரு மேடு, லாரி திரும்ப ஒரு இடம், சைட் ஆபீஸ் கொட்டகை, கார் நிறுத்துமிடம் என்று வரைபடத்தில் இல்லாத தற்காலிக வேலைகளும் நிலத்தைச் சிதைக்கும். இவற்றை வேறு பக்கம் மாற்றப் பெரிதாகச் செலவில்லை. வேலிபோட்டு, காலைக் கூட்டத்தில் பொக்லைன் ஓட்டுபவருக்குக் கல்லையும் மரத்தையும் காட்டிச் சொல்லிக்கொடுத்தால் பாதி ஆபத்து குறையும்.

எலும்பு தென்பட்டால் நடைமுறை வேறு. அந்த நிமிடமே வேலை நிற்க வேண்டும், யாரும் தொடக்கூடாது, போலீஸுக்குச் சொல்ல வேண்டும். புதுச் சாவு இல்லை, முன்னோருடையது என்று நிபுணர்கள் உறுதிசெய்த பிறகு, அடுத்து என்ன என்பதை மூத்தவர்களோடு பேசித்தான் தீர்மானிக்க வேண்டும். எடுத்தாக வேண்டுமா, அப்படியே விட்டு வடிவமைப்பை மாற்றலாமா என்பதே முதல் கேள்வி.

தோண்டி எடுத்த கற்கள் அட்டைப் பெட்டிகளில், ஒவ்வொன்றும் எண்ணிட்ட சின்னப் பையில், அளந்து எடைபோட்டு அடுக்கப்படுகின்றன. சில, சமூகத்தின் சொந்தக் காப்பகத்துக்குப் போகின்றன. பல இடங்களில் மூத்தவர்கள் கேட்பது ஒன்றுதான்: மண்ணிடமே திருப்பிக் கொடுங்கள். இனி யாரும் தோண்டமாட்டார்கள் என்று தெரிந்த ஓர் இடமாகப் பார்த்து, முடிந்தவரை எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குழி வெட்டுகிறார்கள். இலைகளைப் புகையவிட்டு, கற்களை உள்ளே வைத்து மூடுகிறார்கள். அப்புறம் அந்தக் குழியின் அட்சரேகை, தீர்க்கரேகையை மாநிலப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அடுத்து அந்தப் பக்கம் கோடு போட வரும் பொறியாளர் வரைபடத்தைத் திறக்கும்போது அந்தப் புள்ளி அவர் கண்ணில் பட வேண்டும்.