இரண்டு லேசரை எதிரெதிரே வைத்தால் அது ஃபோட்டான் கொலைடர் இல்லை

காரைக்குடி வட்டாரத்து அறிவியல் கண்காட்சிகளில் இந்த ஆண்டும் ஃபோட்டான் கொலைடர், அதாவது ஒளித்துகள்களை (ஃபோட்டான்களை) மோதவிடும் இயந்திரம் என்று அதே மாடல்தான். இரண்டு பச்சை லேசர் பேனா, நடுவில் 'இங்கே பொருள் பிறக்கும்' என்று ஓர் அட்டை. கல்லூரி புராஜெக்ட்களும் இதைத் தாண்டக் காணோம். போதும் தம்பிகளா.

பச்சை ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் 2.33 எலெக்ட்ரான் வோல்ட். சமமான இரண்டு ஃபோட்டான்கள் நேருக்கு நேர் மோதி எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் ஜோடியாகப் பிறக்க ஆளுக்கு 5,11,000 வேண்டும். "பவரைக் கூட்டினால் சார்?" கூட்டுங்கள், ஃபோட்டான்களின் எண்ணிக்கைதான் கூடும். ஒவ்வொன்றும் அதே 2.33தான். பல ஃபோட்டான்கள் சேர்ந்து ஜோடி உண்டாக்கியதை 1997இல் அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகம் வெளியிட்டதே என்பீர்கள். அங்கேயும் 46.6 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் எலெக்ட்ரான் கற்றை இருந்தது. அதை மட்டும் யாரும் படிப்பதில்லை.

ஃபோட்டான் கொலைடர் என்பது அடிப்படையில் எலெக்ட்ரான் இயந்திரம். எலெக்ட்ரானில் லேசர் பட்டுத் திரும்பும்போது அதன் ஆற்றலை அள்ளிக்கொண்டு வருகிறது. எலெக்ட்ரான் ஆற்றலையும் லேசர் ஃபோட்டான் ஆற்றலையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, எலெக்ட்ரான் நிறையாற்றலின் (மேலே சொன்ன 5,11,000) வர்க்கத்தால் வகுங்கள். 250 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் எலெக்ட்ரானுக்கும் 1.06 மைக்ரான் லேசருக்கும் 4.5 வரும். அதை, அதோடு ஒன்றைக் கூட்டிய 5.5ஆல் வகுத்தால் 0.82. எலெக்ட்ரான் ஆற்றலில் அத்தனை பங்கு, அதாவது 205 ஜிகா வரை, திரும்பி வரும் ஃபோட்டானுக்குக் கிடைக்கும். அதுதான் காமா. பேராசைப்பட்டு அலைநீளத்தைக் குறைத்தால் அந்த 4.5 எகிறும். 4.8ஐத் தாண்டினால் பிறந்த காமா அதே லேசர் ஒளியில் மோதி ஜோடியாகி வீணாகும்.

லேசர் எலெக்ட்ரானில் படும் இடம், இரு பக்கக் காமாக்களும் மோதும் புள்ளிக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் முன்னால் இருக்க வேண்டும். காமாக்கள் 2 மைக்ரோரேடியன் கோணத்தில் விரிவதால் அங்கிருந்து 4 நானோமீட்டர்தான் பரவும். ஒரு சென்டிமீட்டர் தள்ளினால் 20 ஆகி மோதல் வீதம் சரியும். ஆற்றல் இழந்த எலெக்ட்ரான்கள் எதிர்க்கற்றையால் பத்து மில்லிரேடியன் அளவுக்குச் சிதறும். அவை கடைசிக் காந்தத்தில் முட்டாமல் வெளியேறத்தான் கற்றைகளை 25 மில்லிரேடியன் சாய்த்து மோதவிடும்படி வடிவமைக்கிறார்கள். காமாவுக்கு மின்னூட்டம் இல்லாததால் காந்தம் அதைத் திருப்பாது. முகப்பு வாசலில் நின்றால் பின்கட்டு வாசல் தெரிகிற நம்மூர் வீடு மாதிரி நேரே போகும். நேர்க்கோட்டிலேயே அதை விழுங்கும் தொட்டி வையுங்கள். உங்கள் புராஜெக்ட் படங்களில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். மலிவான பச்சை லேசர் பேனாக்களில் வடிகட்டி இல்லாவிட்டால் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பும் கசியும். கண்ணுக்குத் தெரியாது, இமையும் மூடாது. நம்மூர் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருக்கும், முட்டைப் பூச்சுச் சுவரும் பளபளக்கும். அங்கே லேசர் பேனாவை எடுக்காதீர்கள். பிள்ளைகளின் கண் மட்டத்துக்குக் கீழே வையுங்கள், எதிரில் பளபளப்பில்லாத கறுப்பு அட்டை நிறுத்துங்கள்.