அமெரிக்காவுக்குப் பலகை அனுப்புகிறீர்களா? கட்டிய வரி திரும்பும் என்று கணக்குப் போடாதீர்கள்

கனடாவின் ஒன்டாரியோவில் சுங்கத் தரகு வேலை பார்க்கிறேன். எல்லை தாண்டிப் பலகை அனுப்பும் சிறு வியாபாரிகள் அடிக்கடி கேட்பது இது: "ரெண்டு அரசாங்கமும் பேசி ஒரு சட்டம் போட்டுவிட்டால் கட்டினதெல்லாம் திரும்பக் கிடைக்கும்தானே? 2006இல் கிடைத்ததே!"

கிடைத்தது உண்மைதான். எப்படிக் கிடைத்தது என்று தெரிந்தால் யாரும் அதை நம்பிக் கடன் வாங்க மாட்டார்கள்.

கனடியப் பலகை மீதான இந்த வரி வழக்கு 1982இலிருந்து ஓடுகிறது. கனடாவின் காடுகளில் பெரும்பகுதி மாகாண அரசுகளின் சொத்து. மரம் வெட்ட அவை வாங்கும் கட்டணம் சந்தை விலையைவிடக் குறைவு, அது மானியம்தான், அதை ஈடுகட்ட இறக்குமதி வரி வேண்டும் என்பது அமெரிக்க மர ஆலைகளின் வாதம். கனடா இதை ஒப்புக்கொண்டதே இல்லை.

2000இல் அமெரிக்க காங்கிரஸ் கொண்டுவந்த பேர்ட் திருத்தம் நிலைமையைக் கெடுத்தது. வசூலாகும் வரியைப் புகாரை ஆதரித்த நிறுவனங்களுக்கே பங்கு போட்டுக் கொடுக்கச் சொன்னது அது. புகார் கொடுத்தால் பணம் வரும் என்றால் யார் சமரசத்துக்கு இறங்கி வருவார்? உலக வர்த்தக அமைப்பு அதை விதிமீறல் என்று சொன்ன பிறகு, 2006 தொடக்கத்தில் ரத்துச் சட்டம் கையெழுத்தானது. அப்போதும் 2007 செப்டம்பர் வரை வந்து இறங்கிய சரக்குக்கு அந்தப் பங்கு உண்டு என்று விட்டுவைத்தார்கள்.

அதே 2006இல் இரண்டு அரசுகளுக்கும் இடையே ஒப்பந்தம் வந்தது. அமெரிக்கச் சுங்கத்தில் சேர்ந்திருந்த ஏறத்தாழ 500 கோடி டாலரில் 400 கோடி கனடியர்களுக்குத் திரும்பியது, 100 கோடி அங்கேயே தங்கிவிட்டது. அந்த டிசம்பரில் கனடா நாடாளுமன்றம், அமெரிக்காவின் இறக்குமதி வரிக்குப் பதிலாகத் தானே வரி வாங்க, ஏற்றுமதி வரிச் சட்டம் போட்டது. திரும்பி வரும் தொகையை அரசு வகுத்த வழியில் வாங்காமல் தனியாக வாங்கியவர்களுக்கு 18% சிறப்பு வரி என்று அதிலேயே ஒரு பிரிவு வைத்தார்கள். ஆக, தப்ப வழியில்லை. மற்றபடி சட்டத்தின் புத்திசாலித்தனம், வரி கனடா கஜானாவுக்கே போனதுதான். பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா மாகாணங்கள் தேர்ந்தெடுத்த முறையில் ஆயிரம் போர்டு அடி (பலகை அளக்கும் அலகு) விலை 355 டாலரைத் தாண்டினால் வரியே இல்லை. 315 அல்லது அதற்குக் கீழே போனால் 15%. பலகை வாங்கி வேறு பொருளாக மாற்றி விற்கும் சிறு பட்டறைகளுக்கு, பலகையை முதலில் அறுத்த ஆலையின் விலையில்தான் வரி. இன்று முடிந்த பொருளின் முழு விலைக்கும் கட்டுகிறார்கள்.

2015 அக்டோபரில் ஒப்பந்தம் காலாவதியானது. அடுத்த ஆண்டே அமெரிக்க ஆலைகளின் புதிய புகார், அதன்பின் மீண்டும் அமெரிக்க வரி.

சரி, இப்போதைய நிலைக்கு வருவோம். உங்கள் சுங்கப் படிவத்தில் 03 வகைப் பதிவு, ஏ-122-857 (நியாய விலைக்குக் குறைத்து விற்பதான வழக்கு), சி-122-858 (மானிய வழக்கு) என்ற எண்கள் இருந்தால், நீங்கள் கட்டுவது முன்பணம் மட்டுமே. இறுதி வரி பின்னால்தான் முடிவாகும். 2023இல் பெரும்பாலான நிறுவனங்கள் கட்டிய முன்பணம் 9 சதவீதத்துக்கும் கீழே. அந்த ஆண்டு சரக்குக்கு 2025இல் அமெரிக்க வர்த்தகத் துறை நிர்ணயித்த விகிதம், இரண்டு வழக்கும் சேர்த்து, சுமார் 35%. அந்த ஆண்டு வரியை மறுகணக்கிடும் மறுஆய்வுப் பட்டியலில் இருக்கும் நிறுவனம் ஒரு லட்சம் டாலர் சரக்குக்கு 8,000 சொச்சம் கட்டியிருந்தால், மீதி சுமார் 27,000 டாலரும் வட்டியும் பாக்கி. மேல்முறையீடுகள் நடக்கின்றன, அதனால் பழைய கணக்குகள் முடியாமல் நிற்கின்றன. பில் வரவில்லை என்பதால் கடன் இல்லை என்று ஆகாது.

அப்புறம், 2025 அக்டோபர் 14 முதல் தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி இன்னொரு 10%. அது வேறு சட்டம், வேறு கணக்கு. மானிய வழக்கு சமரசமானால் அதுவும் தானாகத் திரும்பும் என்று எண்ண வேண்டாம்.

முன்பணத்துக்கும் இறுதி வரிக்கும் இடையிலான அந்த பாக்கி இறக்குமதியாளராகப் பதிவானவர் தலையில்தான் விழும். வாங்குபவர் வசதிக்காக, கனடாவில் இருந்துகொண்டே தம் பெயரில் இறக்குமதி செய்துகொடுக்கும் சிறு நிறுவனங்கள் ஏராளம். விற்ற லாபம் செலவான பிறகு அவர்கள் பெயருக்குத்தான் பில் போகும். அடுத்த லோடு கிளம்புவதற்கு முன், படிவத்தில் இறக்குமதியாளர் இடத்தில் யார் பெயர் இருக்கிறது, பின்னால் விகிதம் ஏறினால் வித்தியாசத்தை யார் கட்டுவது என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா, இரண்டையும் பார்த்துவிடுங்கள்.