ரப்பர் ஆடுகிறதா, ஆள் ஆடுகிறானா?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருடைய மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். டேபிள் டென்னிஸில் மேசையை விட்டுத் தள்ளி நின்று, வருகிற பந்தையெல்லாம் சாப் செய்து, அதாவது மட்டையை மேலிருந்து கீழாக இறக்கி வெட்டி, திருப்புகிற ரகம். ஓரளவு ஜெயிக்கவும் செய்கிறான். ஆனால் பார்க்கிறவர்கள் "அவன் எங்கே ஆடுறான், மட்டையில ஒட்டின ரப்பர்தானே ஆடுது" என்கிறார்களாம். பையனிடம் டெக்னிக் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பேச்சு பெரிய இடத்திலும் உண்டு. 2024 பிப்ரவரியில் பூசான் நகரில் நடந்த உலக அணிப் போட்டியில், உலகின் முதல்நிலை வீராங்கனை சுன் யிங்ஷாவை நம் அய்ஹிகா முகர்ஜி தோற்கடித்தார். அவர் மேசையை ஒட்டி நின்று ஆடுபவர், தடுப்பாட்டக்காரர் இல்லை. ஆனால் அவர் மட்டையில் இருந்தது ஆன்டி ஸ்பின் ரப்பர், அதாவது பந்தின் சுழற்சியை அதிகம் பிடிக்காத வழுக்கு ரப்பர். மறுநாளே பாராட்டில் பாதி ரப்பருக்குப் போய்விட்டது.

தெரிந்த பாடத்தை முதலில் வேகமாக முடித்துவிடுவோம். மேல்பக்கம் முன்னோக்கி உருண்டபடி போகும் டாப் ஸ்பின் பந்தைக் காற்று கீழே அழுத்தும், அதற்கு எதிராகச் சுழன்றபடி போகும் பேக் ஸ்பின் பந்தைத் தூக்கிப் பிடிக்கும். இதற்குப் பெயர் மேக்னஸ் விளைவு. பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர், எடை வெறும் 2.7 கிராம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்றின் தடை அந்த எடையைப் போல் சுமார் ஐந்து மடங்கு இருக்கும். (மே மாத மதுரையிலும் ஆட்டக் கூடத்தில் மின்விசிறியை அணைத்துவிட்டு நம்மை வேகவைப்பது இதனால்தான்.) மூன்று மீட்டர் பின்வாங்கி நின்றால், அந்தத் தூரத்திலேயே பந்தின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடும். சுழற்சி அவ்வளவு சீக்கிரம் குறையாது. தடுப்பாட்டக்காரர் பின்னால் போவதைப் பயம் என்று நினைக்காதீர்கள். வேகத்தைக் காற்றிடம் விட்டுவிட்டு, சுழற்சியை மட்டும் வாங்கிக்கொள்கிறார்.

வாங்கி என்ன செய்கிறார்? நான் நாளெல்லாம் பேசக்கூடிய இடம் இது. எதிராளி அடித்த டாப் ஸ்பின் பந்து வருகிறது. மட்டையைப் பார்த்திருக்கும் அதன் முன்பக்கம் மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டிருக்கிறது. விநாடிக்கு 100 சுற்று என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஆட்டக்காரரின் லூப்பில் (கடுமையாக டாப் ஸ்பின் ஏற்றும் அடி) இது வரும். பந்தின் சுற்றளவு 12.6 சென்டிமீட்டர். ஆக அதன் மேற்பரப்பு விநாடிக்கு 12.6 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. மட்டையை அசையாமல் நீட்டினால் ரப்பர் அந்தப் பரப்பைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். எதிர்விசையில் பந்து மேலே எகிறிவிடும். புதிதாக ஆடுகிறவர்களுக்குப் பந்து கூரைக்குப் போவது இப்படித்தான்.

மட்டையும் அதே வேகத்தில் கீழே இறங்கினால்? பெரியார் நிலையத்தில் நகரத் தொடங்கிவிட்ட டவுன் பஸ்ஸில், கூடவே ஓடி ஏறுகிறவருக்கு உதறல் இருக்காது, இல்லையா? அதேபோல இங்கே உரசல் இல்லை. பந்தின் சுழற்சிக்கு ஒன்றும் ஆகாது. மட்டை இன்னும் வேகமாக இறங்கினால் சுழற்சி கூடவும் செய்யும். இப்போது கவனியுங்கள்: பந்து சுழலும் திசை மாறவே இல்லை, போகும் திசை மட்டும் திரும்பிவிட்டது. வரும்போது டாப் ஸ்பின்னாக இருந்த அதே சுழற்சி, திரும்பிப் போகும்போது பேக் ஸ்பின் ஆகிவிடுகிறது. எதிராளி எவ்வளவு ஆவேசமாகச் சுழற்றினாரோ, அவ்வளவு கனமான, அதாவது சுழற்சி மிகுந்த, பந்து அவருக்கே போய்ச் சேரும்.

மேற்பரப்பு சமமாக, பிடிமானத்தோடு இருக்கும் சாதாரண ரப்பரில் இதைச் செய்யக் கை நிஜமாகவே அந்த வேகத்தில் இறங்கியாக வேண்டும். லாங் பிம்பிள்ஸ் ரப்பரில் காம்புகள் நீளமாக இருப்பதால் மடங்கி வழுக்கும். பிடிமானம் குறைவு. கை கொஞ்சம் மெதுவாக இறங்கினாலும் வந்த சுழற்சியில் பெரும்பகுதி தப்பிவிடும். ரப்பர் செய்யும் உதவி இவ்வளவுதான். பதிலுக்கு ஒன்றைப் பறித்துக்கொள்கிறது: சுழற்சியே இல்லாத பந்து வந்தால், சொந்தமாகக் கனமான பேக் ஸ்பின் கொடுக்க அதனால் முடியாது. உராய்வே இல்லாத காம்பு ரப்பர்கள் 2008-லேயே தடைசெய்யப்பட்டுவிட்டன. மட்டையின் இரண்டு பக்கமும் வேறு வேறு நிறத்தில் இருக்க வேண்டும் என்ற விதி 1980-களில் வந்தது. எந்தப் பக்கம் படுகிறது என்று எதிராளிக்குத் தெரியும். தெரிந்தும் அவர் தவறு செய்கிறார் என்றால் அந்தப் பெருமை ரப்பருக்கு உரியதில்லை.

சரி, பையனை எடைபோட என்ன பார்ப்பது? எத்தனை பந்தைத் திருப்பினான் என்று எண்ணாதீர்கள். எதிராளியின் தவறுகளை எண்ணுங்கள். ஒரு தாளில் இரண்டு கட்டம்: வலையில் விழுந்தவை, மேசையைத் தாண்டியவை. பந்து கனமான பேக் ஸ்பின்னோடு போனால் எதிராளியின் அடி வலையில் விழும். சுழற்சி குறைந்த பந்தைக் கனம் என்று நம்பித் தூக்கினால் வெளியே பறக்கும். ஒரே கட்டம் நிரம்பினால், உங்கள் மகன் ஒரே மாதிரி வெட்டுகிறான் என்று பொருள். கெட்டிக்கார எதிராளி சீக்கிரம் பழகிக்கொள்வார். இரண்டு கட்டமும் நிரம்பி, கையசைவு மட்டும் ஒன்றுபோலவே தெரிந்தால், அது டெக்னிக். லூப்பே போடத் தெரியாத பையன்களுக்கு எதிராக எடுத்த கணக்கு மட்டும் செல்லாது.

அடுத்தது கால். சாப் செய்தவுடன் எதிராளி வலையோரம் மெல்லப் போட்டால் ஓடிவந்து எடுத்து, அடுத்த பந்துக்குள் மறுபடி பின்னால் போய் நிற்கிறானா? வாய்ப்பு வந்தால் போர்ஹேண்டில் அடிக்கிறானா? 2003 பாரிஸ் உலகப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை வந்த தென்கொரியாவின் ஜூ சே-ஹ்யுக் சாப் ஆட்டக்காரர்தான். ஆனால் போர்ஹேண்டில் அவர் அடித்த அடிகள் தாக்குதல் ஆட்டக்காரர்களுக்கே பொறாமை தரும்.

சுழற்சியை வீட்டிலேயே அளக்கலாம். பந்தில் ஸ்கெட்ச் பேனாவால் தடித்த புள்ளிகள் வையுங்கள். போனில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனை, நல்ல வெயில் வெளிச்சத்தில் போடுங்கள். ஒரு புள்ளி மறுபடி அதே இடத்துக்கு வர நான்கு படம் ஆனால் விநாடிக்கு 60 சுற்று. ஒரு எச்சரிக்கை: 120 சுற்றைத் தொட்டால் படத்துக்குப் படம் சரியாக அரைச்சுற்று நகரும், எந்தப் பக்கம் சுழல்கிறது என்றே தெரியாமல் போய்விடும்.

மாவட்ட அளவில் ஓர் அதிவேக கேமராவும் அதை இயக்க ஒரு இயற்பியல் மாணவரும் கிடைத்தால் இந்த ரப்பர் வம்பு ஒரே மாலையில் தீர்ந்துவிடும். கோப்பைக்கும் ஃபிளெக்ஸ் பேனருக்கும் இருக்கிற பணம் இதற்கு வருவதில்லை. மட்டைக்கு ஆயுத பூஜை போட மட்டும் யாரும் மறப்பதில்லை. போடுங்கள், ஆனால் சந்தனத்தைக் கைப்பிடியில் வையுங்கள். ரப்பரில் வைத்தால் உராய்வு குறைந்து உண்மையாகவே பந்தின் போக்கு மாறும். அதைச் சாமி செயல் என்று சொல்லவும் ஒருவர் வந்துவிடுவார்.

வாசகருக்கு நேரடியான சோதனை ஒன்று உண்டு. ஒரு வாரம் மகனின் மட்டையில் இரண்டு பக்கமும் சாதாரண ரப்பர் ஒட்டிப் பயிற்சிக்கு அனுப்புங்கள். முதல் இரண்டு நாள் பந்து எகிறும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். வாரக் கடைசியில் சாப் மறுபடி தாழ்வாக வலையைத் தாண்டிப் போனால், அவன் கை அந்த வேகத்தில் இறங்குகிறது. அப்புறம் தாராளமாகப் பழைய ரப்பரையே ஒட்டிக் கொடுக்கலாம்.