ஒரு போனும் ஒரு காம்பராவும்

2020 மார்ச்சில் இலங்கையில் பாடசாலைகளை மூடியபோது மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் வகுப்பறை போனுக்குள் வந்தது. பாடசாலைகள் திறந்து இவ்வளவு காலமாகியும் வட்ஸ்அப் குழுக்களும் ஸூம் ரியூசனும் போகவில்லை. பிள்ளைகள் தவறவிட்ட பாடங்களைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். உளவளத்துணையாளராக எனக்கு அதைவிடக் கவலை தருவது, வீட்டில் ஆளுக்கு ஆள் கதைப்பது குறைந்துபோனதுதான்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான பழைய லயங்களில் காம்பரா, அதாவது குடும்பம் இருக்கும் அறை, பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். ஒரு பிள்ளைக்கு வகுப்பு என்றால் மற்றவர்கள் மூச்சுவிடக்கூடாது. பாட்டி இருமினால்கூடப் பிள்ளைக்குக் கோபம் வருகிறது. கமராவைப் போடச் சொன்னால் பின்னால் கரிபிடித்த சுவர் தெரியுமே என்று வகுப்பை விட்டே போய்விடும் பிள்ளைகளும் உண்டு. கேட்டால் சிக்னல் இல்லை என்பார்கள். தேயிலை மலைக்கு ஏறினால்தான் கவரேஜ் கிடைக்கும் தோட்டங்கள் இருப்பதால் ஆசிரியர்களும் நம்பிவிடுகிறார்கள்.

வீட்டில் ஒரே போன் என்றால், பெரும்பாலும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் தம்பிக்குத்தான். ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) எழுதும் அக்கா விட்டுக்கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். அவள் "பரவாயில்லை" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவளுக்கும் நேரம் ஒதுக்கிக் கொடுங்கள்.

அம்மா பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மாலையில் வரும்போது மகன் போனோடு இருக்கிறான். படிக்கிறானா, கேம் விளையாடுகிறானா தெரியாது. கேட்டால், "உங்களுக்கு விளங்காதும்மா." இதைக் கேட்ட பிறகு பல அம்மாமார் கேட்பதையே நிறுத்திவிடுகிறார்கள். சில அப்பாமார் போனைப் பிடுங்கி, பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும்படி ஏசுகிறார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு பிள்ளை இன்னும் ஒளித்துப் பார்க்கிறான்.

பாடம் உங்களுக்கு விளங்கவேண்டும் என்றில்லை. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) பக்கத்தில் உட்கார்ந்து, "இன்றைக்கு டீச்சர் சொன்னதை எனக்கும் சொல்லு" என்று கேளுங்கள். சொல்லிக்காட்டும்போது பிள்ளைக்கும் பாடம் மனதில் நிற்கும். இரவில் போன் பெரியவர்களிடம் இருக்கட்டும். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: வேலைக்குப் போகும் அப்பாவோடு போனும் போகிறது. நேரலை வகுப்பை மட்டும் நம்பாமல் குரல் பதிவாகவும் அனுப்புங்கள்.

தூக்கமும் சாப்பாடும் குறைந்து, கூட்டாளிகளையும் ஒதுக்கிப் பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால், பாடசாலையின் ஆலோசனை ஆசிரியரைப் பாருங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. போனில் யாராவது படம் கேட்டு மிரட்டினால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு எடுங்கள். அந்த நேரத்தில் பிள்ளையை ஏசாதீர்கள், மிரட்டியவன் அனுப்பியவற்றை அழிக்கவும் வேண்டாம்.