மாபிள் பதிக்க முன் மாரியைப் பாருங்கள்

வன்னியில் பழைய கல்வீடுகளின் நிலம் பெரும்பாலும் ஒரே அமைப்புத்தான். அத்திவாரத்துக்குள் மண்ணோ கிரவலோ கொட்டி நிரப்பி, மேலே இரண்டு மூன்று அங்குலச் சல்லிக் கொங்கிறீட், அதன்மேல் சீமெந்துப் பூச்சு. சில வீடுகளில் சிவப்புச் சாயமிட்டு மினுக்கியிருப்பார்கள். மண்ணின் ஈரம் ஏறாமல் கொங்கிறீட்டுக்கு அடியில் பொலித்தீன் விரிக்கும் வழக்கம் அந்த நாளில் பல இடங்களில் இருக்கவில்லை. இப்போது அதன்மேல் மாபிள் (தரை ஓடு, ரைல்) பதித்தால், அது நிற்குமா கிளம்புமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த ஒரு குறைதான்.

மண்ணிலும் சீமெந்திலும் உள்ள நுண்துளைகள் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நீர் மேலே ஏறும். துளை சிறுக்கச் சிறுக்க ஏறும் உயரம் கூடும். 1 மில்லிமீற்றர் ஆரமுள்ள துளையில் ஒன்றரைச் சென்ரிமீற்றர்தான் ஏறும், 0.01 மில்லிமீற்றர் ஆரமென்றால் கணக்குப்படி ஒன்றரை மீற்றர். அதனால்தான் பருமணல் நிரப்பிய வீட்டைவிடக் களிமண் நிரப்பிய வீட்டில் ஓதம் அதிகம். இரணைமடுக் குளத்தின் கீழ் வயற்கரையிலோ வாய்க்கால் ஓரத்திலோ உள்ள வீடென்றால், மாரியில் நிலத்தடி நீரும் கிட்ட வந்துவிடும்.

சோளகம் அடிக்கும் ஆடி, ஆவணியில் எந்த நிலமும் காய்ந்துதான் கிடக்கும். அப்போது சோதித்துப் பயனில்லை. கார்த்திகை, மார்கழியில் நல்ல மழை பெய்து ஓய்ந்தபின், ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டை நிலத்தில் விரித்து, நாலு ஓரமும் காற்றுப் போகாமல் ரேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். நடு அறையில் ஒன்று, வெளிச்சுவரோரம் ஒன்று, குசினியில் ஒன்று. பொலித்தீனின் அடியில் நீர்த்துளி நின்றாலோ சீமெந்து கறுத்திருந்தாலோ, ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. துளி மேற்பக்கத்தில் மட்டுமென்றால் அது காற்றின் ஈரம், பயப்பட வேண்டியதில்லை.

அடியில் ஈரம் தெரிந்த நிலத்தின் மேல் மாபிளை ஒட்டுவது பெரிய பிழை. இதுவரை நிலம் முழுவதும் ஆவியாகிப் போன நீருக்கு இனி மாபிள்களின் இணைப்புகளும் சுவரின் அடியும்தான் வழி. அங்கே நீர் ஆவியாக, அதில் கரைந்திருந்த உப்புத் தங்கிவிடும். உப்புப் பளிங்கு துளைக்குள் வளரும்போது பூச்சைப் பிளந்து தள்ளும். நிலம் பளபளக்க, அடிச்சுவர் வெண்பூப் பூத்து உதிர்வது இதனால்தான். சுவருக்குத் திரும்பத் திரும்ப வர்ணம் அடித்தும் பயனில்லை.

அப்படியான அறையில் பழைய கொங்கிறீட்டை உடைத்து எடுக்கத்தான் வேண்டும். நிரப்பு மண்ணை நனைத்து, ஆறு அங்குலப் படையாகத் திமிசு போட்டு இறுக்கி, மேலே ஒரு அங்குலம் மணல் பரப்புங்கள்; சல்லி குத்திப் பொலித்தீன் ஓட்டையாகாமல் இருக்க அது தேவை. 1000 கேஜ் தடிப்புள்ள பொலித்தீனை ஆறு அங்குலம் மேற்படிய விரித்து, சுவரோரம் மடித்து ஏற்றி, 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி) கொங்கிறீட் மூன்று அங்குலம் போடுங்கள். ஏழு நாள் நனைத்து வைத்து, மாபிளுக்கு ஒரு மாதமாவது பொறுப்பது நல்லது. இளங்கொங்கிறீட் காய்ந்து சுருங்கும்; அதன்மேல் உடனே ஒட்டிய மாபிள் சுருங்காது, நெருக்குண்டு ஒருநாள் கூரைபோலக் கிளம்பும்.

ஈரமில்லாத நிலத்தை உடைக்கத் தேவையில்லை. தடியால் தட்டிக்கொண்டு போங்கள். டொக்கென்று வெறுமையாய்க் கேட்கும் இடத்தில் பூச்சு விட்டிருக்கிறது, அல்லது அடிமண் இறங்கியிருக்கிறது. அதை மட்டும் வெட்டித் திருத்தலாம். வெடிப்புகளுக்கு இரு முனையிலும் பென்சிற்கோடு இட்டு, அகலத்தையும் திகதியையும் எழுதிவையுங்கள். மாரிக்கும் கோடைக்கும் இடையே அகலம் மாறினால் அடிமண் ஊதிச் சுருங்குகிறது. முருங்கன் பக்கத்துக் கருங்களியில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அசையும் வெடிப்பின்மேல் ஒட்டிய மாபிள் அதே கோட்டில் வெடிக்கும்.

அடுத்தது பிடிப்பு. சீமெந்து காயும்போது அதன் பளிங்குகள் மாபிளின் துளைக்குள் வளர்ந்துதான் அதைப் பிடிக்கின்றன. போசிலின் மாபிள் தன் நிறையில் அரை வீதத்துக்கு (0.5%) மேல் நீர் உறிஞ்சாது. அதாவது பிடிக்கத் துளையே இல்லை. வெறும் சீமெந்துப் பாலில் ஒட்டினால் சில காலத்தில் கழன்று வரும். அதற்குப் பொலிமர் கலந்த மாபிள் பசைதான் வேண்டும். மினுக்கிய சிவப்பு நிலமும் இதே குணம். மெழுகைக் கழுவி, இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக உளியால் கொத்துங்கள்.

பசையைப் பற்கரண்டியால் முழுப் பரப்பிலும் இழுக்கச் சொல்லுங்கள். ஐந்து இடத்தில் உருண்டை வைத்து அமத்தினால் மூலைகளின் கீழ் வெற்றிடம் விழும்; அலுமாரிக் கால் அங்கே வந்தால் மூலை உடையும்.

உயரத்தையும் முதலே கணக்கிடுங்கள். பசையில் பதித்தால் நிலம் அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூட ஏறும், சீமெந்து மணற் சாந்தில் பதித்தால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் அங்குலம். கதவு சீவவேண்டும்; குளியலறை வாசலிலும் விறாந்தையிலும் நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்க்கவேண்டும். ஆறடி விறாந்தைக்கு வெளிப்பக்கம் ஒரு அங்குலச் சரிவு போதும்.

பன்னிரண்டுக்குப் பத்தடி அறையில் ஒன்றேகால் அங்குலச் சாந்து, 1:4 (சீமெந்து, மணல்) கலவை என்றால், 50 கிலோ சீமெந்துப் பை மூன்றும் மணல் 13 கன அடியும் போகும். கடற்கரை மணல் வேண்டாம். அதன் உப்பு இணைப்பில் வந்து நிற்கும். அந்த அறையின் மூலைவிட்டம் இரண்டும் 15 அடி ஏழரை அங்குலத்துக்குக் கிட்ட ஒரே அளவாக இருக்கவேண்டும். பழைய வீட்டில் அநேகமாக இராது. ஆகவே சுவரிலிருந்து தொடங்காமல் நடுவில் நூல் பிடித்துத் தொடங்குங்கள். மாபிளுக்கு இடையே 3 மில்லிமீற்றர், சுவரோரம் சுற்றிவர 6 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். சுவரோர இடைவெளியில் சாந்து அடைக்கக்கூடாது. சுவரின் அடியில் ஒட்டும் அடிமாபிள் அதை மூடிவிடும்.

இரண்டடிச் சதுர மாபிள் இந்த அறைக்குக் கணக்குப்படி 30. வெட்டுக்கும் உடைவுக்கும் மூன்று கூட்டினால் 33, நாலு கொண்ட பெட்டியென்றால் ஒன்பது. ஒன்பது பெட்டியிலும் போட்டிருக்கும் நிற இலக்கமும் அளவு இலக்கமும் ஒன்றா என்று கடையிலேயே பார்த்து ஏற்றுங்கள். மிஞ்சும் மூன்றையும் பெட்டி மட்டையோடு பத்திரப்படுத்துங்கள். பின்னர் ஒன்று வெடித்தால் அதே நிறத்தில் கடையில் கிடைக்காது.