நாலு செக்கன் லாபம்

போன கிழமை வந்தவன், குத்துச்சண்டையில் தலையில் அடிபட்டு இந்த வருடம் என்னிடம் வந்த மூன்றாவது பெடியன். வயது பதினாறு. பாடசாலைக் குத்துச்சண்டைப் போட்டி முடிந்து இரண்டு நாளுக்குப் பிறகு, "தலையிடி விடுகுதில்லை டொக்டர்" என்று தாய் கூட்டிக்கொண்டு வந்தா. போட்டியன்று பின்னேரமே இரண்டு தரம் சத்தி எடுத்திருக்கிறான். பனடோல் கொடுத்துப் படுக்க வைத்து, அடுத்த நாள் ரியூசனுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். ஸ்கானில் இரத்தக்கசிவு இல்லை, தப்பினான். (ஸ்கான் சரி என்றால் மூளை அதிரவில்லை என்று அர்த்தமில்லை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

விசாரித்தால் வழக்கமான கதைதான். அவனுடைய எடைப்பிரிவில் ஆள் இல்லை. பெயர் கொடுத்தாயிற்று, சேர்டிபிக்கட்டாவது கிடைக்கட்டும் என்று மேல் பிரிவுக்காரனோடு இறக்கியிருக்கிறார்கள். எதிராளி ஏழு கிலோ கூட, மூன்று வருடம் பழகியவன். இவன் பழகத் தொடங்கி நாலு மாதம். போட்டிக்கு முதல் மூன்று தரம் கக்கூசுக்குப் போயிருக்கிறான். "வயிறு நோகுது சேர்" என்று வாய்விட்டும் சொல்லியிருக்கிறான். அதற்குக் கிடைத்த மறுமொழி: "பயந்தாங்கொள்ளி! ஒரு குத்து வாங்கினால் தெளியும்."

கேட்டுக் கேட்டுக் காது புளித்த வசனம். தகப்பனும் என்னிடம் அதையேதான் சொன்னார்: "பயத்தாலதான் டொக்டர் தோத்தவன்." இல்லை ஐயா. ஏழு கிலோவால் தோற்றவன். பயம் அதை உங்களுக்கு முதலே சொன்னது, அவ்வளவுதான்.

1962 செப்டெம்பர் 25, சிக்காகோ. ஹெவிவெயிட் உலக சம்பியன் ஃபுளொய்ட் பற்றர்சன், சொனி லிஸ்ரனோடு மோதினார். முதல் ரவுண்டிலேயே, 2 நிமிடம் 6 செக்கனில் முடிந்தது. தோற்றால் ஆளடையாளம் தெரியாமல் வெளியேறுவதற்கு ஒட்டுத்தாடி ஒன்றைப் பற்றர்சன் முன்கூட்டியே கொண்டு வந்திருந்தார். ஊர் உலகமெல்லாம் அந்தத் தாடியையே பிடித்துக்கொண்டது, தராசை மறந்துவிட்டது. பற்றர்சன் 189 இறாத்தல், லிஸ்ரன் 214. விரித்த கைகளின் நீளம் ஒருவருக்கு 71 அங்குலம், மற்றவருக்கு 84. வித்தியாசம் ஒரு அடிமட்டத்தைவிடக் கூட! ஹெவிவெயிட் பிரிவில் எடைக்கு மேல் எல்லை கிடையாது என்பதால் சட்டப்படி அது ஒழுங்கான போட்டி. பற்றர்சனை வளர்த்தெடுத்த கோச் கஸ் டமாட்டோவே லிஸ்ரன் வேண்டாம் என்றுதான் நின்றவர்.

சரி, குத்து வாங்கினால் தெளியும்தானே? பற்றர்சன் வாங்கினார். பத்து மாதம் கழித்து, 1963 ஜூலையில், அதே லிஸ்ரனோடு திரும்பவும் மோதினார். அதுவும் முதல் ரவுண்டிலேயே, 2 நிமிடம் 10 செக்கனில் முடிந்தது. தெளிந்ததில் கிடைத்த லாபம் நாலு செக்கன்.

1988இல் மைக் டைசனுக்கு முன்னால் 91 செக்கன் மட்டுமே நின்ற மைக்கேல் ஸ்பிங்ஸை இன்றைக்கும் கோழை என்பார்கள். அதற்கு முதல் 31 சண்டையில் ஒன்றிலும் தோற்காத மனிதர் அவர். அதன்பிறகு ரிங்குக்குள் ஏறவேயில்லை. என்னைக் கேட்டால், அவர் எடுத்ததில் புத்தியான முடிவு அதுதான்.

போட்டிகளுக்கு டொக்டராகப் போகும்போது நான் ஒவ்வொரு பெடியனுக்கும் நாடி பிடித்துப் பார்ப்பேன். உண்மையில் நாடி எனக்கு அவ்வளவு முக்கியமில்லை, எல்லாருக்கும் ஓடத்தான் செய்யும். கோச் பக்கத்தில் இல்லாமல் ஒரு நிமிடம் அவனோடு இருக்க வேறு சாட்டு இல்லை. பண்டேஜ் சுற்றின கை ஐஸ் மாதிரி இருக்கும். "விருப்பமோ தம்பி?" என்று மெல்லக் கேட்டால், சிலர் கண்ணைப் பார்த்து ஓம் என்பார்கள். சிலர் முதலில் கோச் நிற்கிற பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

கோச்மாரே, அன்றைக்கே நிறுங்கள், போன மாத எடை வேண்டாம். எதிராளி எத்தனை போட்டி ஆடியவன் என்று வாய் திறந்து கேளுங்கள். சோடி பொருந்தாவிட்டால் இறக்காதீர்கள். சேர்டிபிக்கட்டை வீட்டில் மாட்டலாம், பெடியனை மாட்ட ஏலாது. எடை குறைக்க என்று தண்ணி கொடுக்காமல் ஓடவிடுகிறவர்களுக்கு எனக்கு நல்ல வார்த்தை வருகுதில்லை. சண்டையை நிறுத்தச் சொல்லி ரிங்குக்குள் துவாயை எறிவது வெட்கமில்லை.

அம்மாமாரே, உங்களிடம் கெஞ்சித்தான் கேட்கிறேன். தலையில் அடிபட்ட பிள்ளை மயங்கி விழவில்லை என்பதற்காக ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டு போகிற தலையிடி, எழுப்ப எழுப்பத் தூக்கம், ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பது, கண்மணி ஒன்று பெரிசு, வலிப்பு, ஒரு பக்கக் கை காலில் பலமின்மை, இதில் ஏதாவது ஒன்று கண்டால் விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். முதல் இரவு தனியே படுக்க விடாதீர்கள். தலையிடி இருக்கும்வரை பயிற்சியே கூடாது. ஒரு அதிர்வு ஆறமுதல் வாங்குகிற இரண்டாவது குத்து சின்னதாக இருந்தாலும் ஆளையே கொண்டுபோகலாம்.

போன கிழமை வந்தவன் மருந்துச் சிட்டையை வாங்கிக்கொண்டு எழும்பும்போது, தாய் முன்னால் போகட்டும் என்று நின்றான். "டொக்டர், கொஞ்ச நாளைக்கு விளையாட ஏலாது எண்டு எழுதித் தருவீங்களோ?"

ஒரு மாதம் என்று எழுதினேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, அதை வெட்டி மூன்று மாதம் என்று போட்டேன்.